விரலின் பாரமும் பெட்டியின் பாரமும்: தூக்கிச் செல்லும் பியானோவின் கதை

பியானோ கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு எந்த டிஜிட்டல் பியானோவை வாங்கலாம் என்று அண்மைக் காலமாக நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டு வருகின்றனர். நான் இசை வல்லுநன் அல்லன். ஆனால், பல தசாப்தங்களாகச் செய்தி எழுதிப் பழகியவன் எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும் முதலில் அதன் பூர்வீகத்தைத்தான் தேடுவான். அவ்வாறு தேடிப் பார்த்ததில், கடைக்காரர் அடுக்கிச் சொல்லும் சிறப்பம்சங்களைவிட இந்த வாத்தியத்தின் முந்நூறு ஆண்டு வரலாறே தெளிவான பதிலைத் தருகிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அதனை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பியானோவின் பிறப்பிடம் இத்தாலியின் புளோரன்ஸ் நகரம். அங்கு மெடிச்சி குடும்பத்தின் வாத்தியங்களைப் பராமரித்து வந்த பார்ட்டோலோமியோ கிறிஸ்டோபோரி என்பவர் 1700ஆம் ஆண்டளவில் அதனை உருவாக்கினார். அதற்கு முன்னர் மேடைகளில் கோலோச்சிய ஹார்ப்சிகோர்ட்டில் கட்டையை அழுத்தினால் சிறு அலகு ஒன்று தந்தியைச் சுண்டிவிடும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் எழும் ஓசையின் அளவில் பெரிய வேறுபாடு இராது. கிறிஸ்டோபோரி அந்த அலகின் இடத்தில் சிறியதொரு சுத்தியலை வைத்தார். விரலின் வேகம் சுத்தியலுக்கும், சுத்தியலின் வேகம் தந்திக்கும் சென்றது. மெல்லிய ஓசையையும் உரத்த ஓசையையும் வாசிப்பவரின் விரலே தீர்மானிக்கும் நிலை உருவாயிற்று. இத்தாலிய மொழியில் ‘பியானோ’ என்றால் மெல்லிய, ‘போர்ட்டே’ என்றால் உரத்த என்று பொருள். வாத்தியத்தின் பெயரே அதன் இலக்கணமாக அமைந்துவிட்டது.

எனவே, பியானோ என்பது கறுப்பும் வெள்ளையுமான கட்டைகளின் வரிசை மாத்திரமன்று. விரலுக்கும் ஓசைக்கும் இடையிலான ஓர் உறவு. இந்த ஒரு விடயத்தை மனதில் இருத்திக்கொண்டால் மீதிக் கதை இலகுவில் விளங்கிவிடும்.

19ஆம் நூற்றாண்டில் மண்டபங்கள் பெரிதாகின. ஓசையும் பெரிதாக வேண்டியிருந்தது. தந்திகள் தடித்தன. அவற்றின் இழுவிசையைத் தாங்குவதற்கு இரும்புச் சட்டம் தேவைப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியளவில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளுமாக 88 என்ற எண்ணிக்கை நிலைபெற்றது. இன்றைய பெரிய கச்சேரிப் பியானோ ஒன்று ஏறத்தாழ 500 கிலோ எடை கொண்டது. வீடுகளில் சுவரோடு வைக்கும் நிமிர்ந்த வகையும் பொதுவாக 200 கிலோவுக்கு மேற்பட்டது. இதனைத் தூக்கிக்கொண்டு ஊர் மாற முடியாது.

பயணம் செய்யும் கலைஞர்களுக்கு இந்தச் சிக்கல் அதற்கு முன்னரே இருந்தது. சிறுவன் மோசார்ட் ஐரோப்பாவைச் சுற்றி வந்த காலத்தில், 1763இல், வழியில் பயிற்சி செய்வதற்காகத் தந்தை லெயோபோல்ட் சிறிய கிளாவிகோர்ட் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். விரலின் அழுத்தத்துக்கேற்ப ஓசை மாறும் பண்பு அதற்கும் உண்டு. ஆனால், அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத அளவுக்கு மெல்லிய ஓசை. பிள்ளை கற்பதற்காகத் தந்தை தேடிய வாத்தியத்தில் ஓசையின் அளவு குறைந்தது. விரலின் உறவு குறையவில்லை.

எமது பிராந்தியத்துக்கு வந்து சேர்ந்த தூக்கிச் செல்லும் கட்டை வாத்தியம் ஆர்மோனியம். 1840களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் டெபான் இதற்குக் காப்புரிமை பெற்றார். காலால் மிதித்துக் காற்றூட்டும் அந்தப் பெட்டியைக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், நிலத்தில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கும் வடிவத்துக்கு மாற்றினார். யாழ்ப்பாணத்து இசை நாடக மேடைகளில் ஆர்மோனியக்காரர் இல்லாமல் நாடகம் தொடங்காது. அந்த நாதத்தைக் கேட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

எனினும், ஆர்மோனியத்தில் ஓசையை ஆள்வது துருத்தியின் காற்றே அன்றிக் கட்டையில் விழும் விரலன்று. கமகத்துக்கும் அதில் இடமில்லை; ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்ல முடியாது. இக்குறையே பெரும் சர்ச்சையாகி, 1940 மார்ச் மாதம் அகில இந்திய வானொலி அதனைத் தனது நிலையங்களில் தடை செய்யுமளவுக்குச் சென்றது. 1971இலேயே அத்தடை தளர்ந்தது. தூக்கிச் செல்லும் வசதிக்காகக் கொடுத்த விலையை வைத்து ஒரு வாத்தியத்தையே வழக்காடு மன்றத்தில் நிறுத்திய காலம் அது.

இக்கதையின் அடுத்த அத்தியாயம் யப்பானில் நிகழ்ந்தது. 1887ஆம் ஆண்டு ஹமமட்சு நகரத்து ஆரம்பப் பாடசாலை ஒன்றில் பழுதடைந்த அமெரிக்க ஓர்கனைத் திருத்துவதற்காக தொரகுசு யமஹா என்ற பொறித் திருத்துநர் அழைக்கப்பட்டார். திருத்தியவர், அதுபோன்ற ஒன்றைத் தாமே செய்துவிடலாம் எனத் துணிந்தார். செய்து முடித்த ஓர்கனைத் தோளில் காவுதடியில் கட்டி, தோழர் ஒருவருடன் ஹக்கோனே மலையைக் கடந்து டோக்கியோ வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் சுமந்து சென்றார். அங்கிருந்த இசைக் கல்லூரியில் கிடைத்த தீர்ப்பு, வடிவம் நன்று, சுருதி பிழை என்பதாகும். மனம் தளராமல் ஒரு மாதம் அங்கேயே தங்கிச் சுருதிக் கலையைக் கற்றுத் திரும்பினார். 1897இல் அவர் நிறுவிய நிப்பொன் கக்கி நிறுவனமே இன்றைய யமஹா. பாடசாலைப் பிள்ளைகளுக்கான வாத்தியத்தில் தொடங்கிய அந்நகரமே பின்னாளில் உலகின் பியானோத் தொழிற்சாலைகளுள் ஒன்றாயிற்று.

பியானோவின் விரல் உறவைக் கைவிடாமல் பெட்டியைச் சிறிதாக்க முயன்றவர்களில் என்னை மிகவும் கவர்ந்தவர் அமெரிக்கரான ஹரோல்ட் ரோட்ஸ். பியானோ ஆசிரியரான அவர் இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ விமானப் படையில் சேர்ந்தார். காயமுற்று மருத்துவமனைப் படுக்கைகளில் கிடந்த படையினருக்கு இசை கற்பிக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. படுத்திருப்பவனை பியானோவிடம் கொண்டு செல்ல முடியாதெனில் பியானோவைப் படுக்கைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவரது தர்க்கம். பி-17 குண்டுவீச்சு விமானங்களின் அலுமினியக் குழாய்களை வெட்டித் தந்திகளின் இடத்தில் பொருத்தி, மடியில் வைத்து வாசிக்கக்கூடிய 29 கட்டைப் பியானோவை உருவாக்கினார். கட்டைகள் குறைந்தன, ஆனால் சுத்தியல் இருந்தது. கற்பவனுக்கு எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்பதை அந்த ஆசிரியர் அறிந்திருந்தார். பின்னாளில் அவரது பெயர் தாங்கி வந்த மின்பியானோ ஜாஸ் மேடைகளை ஆண்டது தனிக் கதை.

இலத்திரனியல் யுகம் வந்தபோது பாரம் முற்றாகக் கழன்றது. அதனுடன் வேறொன்றும் கழன்றது. 1980இல் கசியோ நிறுவனம் வெளியிட்ட கசியோடோன் 201 என்ற கருவியில் 49 கட்டைகளும் 29 வகை நாதங்களும் இருந்தன. சாதாரண குடும்பங்களுக்குக் கட்டை வாத்தியம் எட்டியது பெரும் சாதனைதான். ஆனால், எடையற்ற பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்ட இவ்வகைக் கருவிகளில் எப்படி அழுத்தினாலும் ஒரே ஓசையே எழுந்தது. கிறிஸ்டோபோரி விலக்கிய ஹார்ப்சிகோர்ட்டின் குணம் இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேலான காலத்தின் பின்னர் பின்வாசலால் நுழைந்துவிட்டது.

இழந்ததை மீட்கும் முயற்சியும் சமகாலத்தில் நடந்தது. இக்குதரோ ககெஹாஷி தொடங்கிய ரோலண்ட் நிறுவனம் 1974இலேயே தொடுகையுணர்வு கொண்ட இலத்திரனியல் பியானோவை வெளியிட்டிருந்தது. 1983இல் அவரும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முன்னின்று உருவாக்கிய மிடி என்ற பொது நியமம், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைத்தது. அதில் விரலின் வேகம் 1 முதல் 127 வரையான எண்ணாகப் பதிவாகிறது. இதன் செயன்முறை எளிது. கட்டை கீழிறங்கும் பாதையில் இரண்டு உணரிகள் உள்ளன. முதலாவதைத் தொட்டபின் இரண்டாவதைத் தொட எடுக்கும் நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் ஓசை உரக்கும், கூடினால் மெலியும். உண்மையான பியானோவின் நாதத்தைப் பல அளவுகளில் ஒலிப்பதிவு செய்து நினைவகத்தில் வைக்கும் முறையும் 1980களில் வளர்ந்தது. கட்டைகளுக்கு அடியில் சிறு சுத்தியல் எடைகளை வைத்து, இடப்பக்கக் கட்டைகளைப் பாரமாகவும் வலப்பக்கக் கட்டைகளை இலேசாகவும் அமைத்தனர். 2003இல் எடையற்ற கட்டைக்குப் பேர்போன அதே கசியோ நிறுவனம் பிரிவியா வரிசையை வெளியிட்டபோது, பாரமான 88 கட்டைகளும் ஒருவர் தூக்கக்கூடிய பெட்டிக்குள் அடங்கின. இன்று இத்தகைய ஆரம்பநிலைப் பியானோக்கள் பெரும்பாலும் 10 முதல் 12 கிலோவுக்குள் வந்துவிடுகின்றன.

இந்த வரலாற்றிலிருந்து பெற்றோர் பெறும் பாடம் ஒன்றுதான். பெட்டியின் பாரத்தைக் குறைக்கலாம். கட்டையின் பாரத்தைக் குறைக்கக்கூடாது. எடையற்ற கட்டையில் இரண்டாண்டு பழகிய பிள்ளை ஆசிரியரின் உண்மையான பியானோவுக்கு முன் அமரும்போது, விரலில் வலுவின்றியும் ஓசையை அடக்கியாளத் தெரியாமலும் தடுமாறுகிறது. தன்னிடம் திறமை இல்லை என்று அது எண்ணிவிடுவதுதான் இதில் நேரும் பெரிய நட்டம். குறை பிள்ளையிடம் அல்ல, வாங்கிக் கொடுத்த பெட்டியிலேயே இருந்தது என்பதை எடுத்துச் சொல்ல அப்போது எவரும் இருப்பதில்லை.

ஆகவே, கடைக்குச் செல்வோர் நூற்றுக்கணக்கான நாதங்கள், தாளங்கள், மின்னும் விளக்குகள் ஆகியவற்றைக் கண்டு மயங்க வேண்டாம். பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று, ஒரே கட்டையை மிக மெதுவாக ஒரு முறையும் ஓங்கி ஒரு முறையும் அழுத்தச் சொல்லுங்கள். ஓசை இரண்டுக்கும் நடுவே படிப்படியாக மாற வேண்டும். கட்டைகள் முழு அளவினவாக, பாரமானவையாக, இயன்றவரை 88 ஆக இருத்தல் நன்று. நாதத்தை நீட்டிக்கும் மிதிகட்டையும் வேண்டும். ஒரே நேரத்தில் 64 சுரங்களை ஒலிக்கும் திறன் ஆரம்பநிலைக்குப் போதுமானது. பிள்ளை அமரும் உயரத்துக்கு ஏற்ற உறுதியான தாங்கியையும் அத்துடன் வாங்குங்கள். உணவு மேசையில் வைத்துப் பழகினால் மணிக்கட்டு கெட்டுவிடும். கையில் பணம் போதாதெனில் தொடுகையுணர்வுள்ள 61 கட்டைக் கருவியுடன் முதலாண்டைக் கடத்தலாம். தொடுகையுணர்வே இல்லாததை மலிவுக்காக வாங்குவது வீண். பழைய கருவியை வாங்குவோர் எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும்.

எமது நாட்டுச் சூழலில் இன்னும் சில உண்டு. ஈரப்பதனும் கறையானும் மர பியானோவின் எதிரிகள்; டிஜிட்டல் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் செலவு இல்லை. செவிப்பன்னியை மாட்டிக்கொண்டால் அயல்வீட்டாருக்கும் தொல்லையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்கலத்திலும் இயங்கும் வகைகள் உண்டா எனக் கேட்பது புத்திசாலித்தனம்.

தூக்கிச் செல்லக்கூடியது என்ற சொல் பிற நாட்டவர்க்கு ஒரு வசதியைக் குறிக்கலாம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய மக்கள் தூக்க முடிந்ததை மட்டுமே கொண்டு சென்றனர். வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறும் குடும்பங்கள் இன்றும் எம்மிடையே பல. 12 கிலோப் பெட்டியொன்றில் பிள்ளையின் கல்வி தடையின்றித் தொடர முடியுமென்றால் அது சிறிய விடயமன்று. அந்தப் பெட்டிக்குள் சுத்தியலின் பாரம் இருக்கிறதா என்பதை மாத்திரம் பணம் கொடுப்பதற்கு முன்னர் பிள்ளையின் விரலால் சோதித்துக்கொள்ளுங்கள்.