ப்ராப் ஃபர்ம் சேலஞ்ச்: காத்திருக்க விடாத ஒப்பந்தம் கூடுமா?



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் மஹல்லாக்களில் கல்லூரி மாணவர்களும் ஐடி துறை வாலிபர்களும் ஆலிம்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஹஜ்ரத், ப்ராப் ஃபர்ம் சேலஞ்ச் எடுக்கலாமா? நம்ம முதல் இல்லையே, அவங்க பணத்துலதானே டிரேட் பண்றோம்?" பெற்றோர் பலருக்கு இந்தப் பெயரே புதிது. எனவே முதலில் அதன் அமைப்பையும், பிறகு மார்க்கத் தீர்ப்பையும் பார்ப்போம்.

சேலஞ்ச் எப்படி நடக்கிறது?

நிறுவனம் ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு மாதிரிக் கணக்கு ஒன்றைத் தருகிறது. அதில் அந்நியச் செலாவணி, தங்கம் போன்றவற்றின் விலை ஏற்ற இறக்கத்தில் லாபம் காட்ட வேண்டும். தேறினால் "ஃபண்டட் அக்கவுண்ட்" கிடைக்கும். அதன் லாபத்தில் பங்கு தருவார்கள்.

செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள எஃப்டிஎம்ஓ இத்துறையில் பெயர் பெற்ற நிறுவனம். அதன் இரண்டு கட்டத் தேர்வில் லாப இலக்கு முதலில் 10 சதவீதம், அடுத்து 5 சதவீதம். ஒரு நாள் நஷ்டம் 5 சதவீதத்தையும், மொத்த நஷ்டம் 10 சதவீதத்தையும் எட்டக் கூடாது. 10,000 டாலர் கணக்கு என்றால் முதல் கட்டத்தில் 1,000 டாலர் லாபம் காட்ட வேண்டும். ஒரே நாளில் 500 டாலர் இறங்கினால் தேர்வு முடிந்தது. கட்டிய கட்டணமும் போயிற்று.

செயல்பாட்டு நிபந்தனைகள்

லாப இலக்கை எட்டினால் மட்டும் போதாது. மூன்று வகை நிபந்தனைகள் வழக்கத்தில் உள்ளன.

1. குறைந்தபட்ச நாட்கள்: எஃப்டிஎம்ஓவின் இந்தத் தேர்வில் கட்டத்துக்கு 4 நாட்கள். புதிதாக ஒரு டிரேடாவது திறந்த நாள்தான் கணக்கில் சேரும்.

2. சும்மா இருக்கக் கூடாது: தொடர்ந்து 30 நாட்கள் டிரேட் இல்லையென்றால் பல நிறுவனங்கள் கணக்கை மூடிவிடும்.

3. சீரான லாபம்: ஒரே நாளின் லாபம் மொத்த லாபத்தில் குறிப்பிட்ட பங்கைத் தாண்டக் கூடாது என்று சில நிறுவனங்கள் விதிக்கின்றன.

குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒரே நாளில் ஜெயித்தவரை வடிகட்டத்தான் இவை என்று நிறுவனங்கள் கூறுகின்றன. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நடப்பது என்ன? முதல் நாளே இலக்கை எட்டியவரும் நாள் கணக்குக்காக மேலும் டிரேட் திறக்க வேண்டும். நல்ல தருணம் தெரியாதவரும் கணக்கைக் காப்பாற்ற ஏதாவது ஒன்றைத் திறந்து மூட வேண்டும்.

நம் பகுதி வியாபாரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. தோல் வியாபாரி சரக்கைக் கைப்பற்றுகிறார். விலை சரியில்லையென்றால் விற்காமல் காத்திருக்கிறார். காத்திருப்பது வியாபாரியின் உரிமை. இங்கே சரக்கும் இல்லை, காத்திருக்கும் உரிமையும் இல்லை.

மார்க்கத்தின் பார்வை

இந்த டிரேட் உண்மையானதாக இருக்கலாம், அல்லது மாதிரியாக இருக்கலாம்.

உண்மையானது என்றால், நாணயத்தையும் தங்கத்தையும் மாற்றும்போது அந்த அமர்விலேயே கைமாற வேண்டும் என்பது உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவிக்கும், ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸிலிருந்து ஃபுகஹாக்கள் எடுத்த சட்டம். விலை வித்தியாசத்தை மட்டும் தீர்க்கும் ஒப்பந்தத்தில் அந்தக் கைமாற்றம் இல்லை. "ஸ்வாப் இல்லாத இஸ்லாமியக் கணக்கு" என்பது வட்டியை நீக்கலாம். இந்தக் குறையை நீக்காது.

மாதிரி என்றால், வியாபாரமே நடக்கவில்லை. பணம் கட்டி, விலை ஏறுமா இறங்குமா என்று சொல்லி, சரியானால் பரிசு, தவறினால் கட்டியது போகும். இது சூதாட்டத்தின் சாயல். ஸூரத்துல் மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்துத் தடுத்தது சூதாட்டத்தைத்தான்.

"இது ஜுஆலாதானே?" என்று சிலர் வாதிடுகிறார்கள். ஸூரா யூஸுஃபில் அரசரின் குவளையைக் கொண்டுவருபவருக்கு ஒட்டகச் சுமை தானியம் அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் தேடுபவரிடம் கட்டணம் வாங்கவில்லை. குவளை திரும்பியதால் உரியவருக்குப் பயனும் உண்டு. "தேர்வுக் கட்டணம் போலத்தானே?" என்றால், தேர்வில் விடை படிப்பைப் பொறுத்தது, இங்கே அடுத்த நிமிட விலையைப் பொறுத்தது.

ஆகவே இன்றைய வடிவிலுள்ள சேலஞ்சுகளைத் தவிர்ப்பதே நம் மார்க்கத்துக்குப் பாதுகாப்பு.

நாட்டுச் சட்டம்

1999ஆம் ஆண்டின் ஃபெமா சட்டப்படி, இந்தியாவில் வசிப்பவர் அங்கீகாரம் பெற்றவர்களிடமும், ரிசர்வ் வங்கி அனுமதித்த தளங்களிலும் மட்டுமே அந்நியச் செலாவணி வர்த்தகம் செய்யலாம். அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு வருகிறது.

அனுமதியுள்ள சந்தையிலும் நிலைமை இதுதான்: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தனர் என்கிறது செபியின் ஆய்வு.

பெற்றோர்களே, பிள்ளையைத் திட்டுவதற்கு முன் உட்கார வைத்துக் கேளுங்கள்: இதுவரை எத்தனை முறை கட்டணம் கட்டினாய்? கையில் வந்தது எவ்வளவு? அந்தப் பணம் யாருடையது? கடன் வாங்கியிருந்தால் முதலில் அதை அடைக்க உதவுங்கள். அவனிடம் உள்ள கணக்கறிவுக்கு ஹலாலான வேலைகள் இருக்கின்றன.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.