ஒரு சூத்திரம், நான்கு பெயர்கள்

ஓர் அயனி அணுவோடு மோதும்போது, எலக்ட்ரானின் இரண்டு ஆற்றல் மட்டங்கள் ஓரிடத்தில் மிக நெருங்கி வரும். மோதல் மெதுவாக நடந்தால் எலக்ட்ரான் தன் மட்டத்திலேயே இருக்கும். வேகமாக நடந்தால் அடுத்ததற்குத் தாவிவிடும். தாவும் வாய்ப்பு எவ்வளவு?

1932இல் நால்வர் தனித்தனியே இதற்கான கணக்கைப் போட்டார்கள்: ரஷ்யாவின் லண்டாவ், அமெரிக்கரான ஜீனர், சுவிட்சர்லாந்தின் ஸ்டூக்கெல்பெர்க், இத்தாலியின் மஜோரானா. ரேடியோ பழுதுபார்த்தவர்களுக்குத் தெரிந்த ஜீனர் டயோடு இந்த ஜீனரின் பெயரில்தான் இருக்கிறது. மஜோரானா காந்தப்புலத்தில் அணுக்களை ஆராய்ந்து அதே விடைக்கு வந்தவர்.

ஆனால் பாடநூல்களில் நெடுங்காலம் 'லண்டாவ்–ஜீனர்' மட்டுமே. 1938 மார்ச்சில், 31 வயதில், மஜோரானா காணாமல் போனார். அடுத்த மாதமே ஸ்டாலின் ஆட்சி லண்டாவைக் கைதுசெய்து ஓராண்டு சிறையில் வைத்தது. இப்போது பலரும் நான்கு பெயர்களையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அதுதானே நியாயம்!