அங்கீகாரம் எனும் அதிகாரம்: மேற்கு சஹாராவை முன்வைத்து

அங்கீகரிக்கப்படாத அரசோடு வணிக, ராஜதந்திர உறவு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், நம் இடதுசாரி நண்பர்கள்கூடச் சட்டப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற அரசுகளோடு உறவுகொள்ளும் திறன் என 1933 மான்டிவிடியோ உடன்படிக்கை சொன்ன நான்கு தகுதிகள். இருந்தால் அரசு, இல்லாவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவு சுலபம் என்றால், இந்தியா ஒரே அரசை 1985இல் அங்கீகரித்துவிட்டு 2000இல் வாபஸ் வாங்கியது எப்படி? நான் சொல்வது சஹாராவி அரபு ஜனநாயகக் குடியரசை.

மேற்கு சஹாரா ஸ்பெயினின் காலனி. அந்நிலத்தின் மீது மொராக்கோவுக்கோ மொரிட்டானியாவுக்கோ இறையாண்மைப் பிணைப்பு இருந்ததில்லை, அம்மக்களின் சுயநிர்ணயமே பொருந்தும் என்று 1975 அக்டோபர் 16இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. மூன்றே வாரத்தில் மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் மூன்றரை லட்சம் பேரை எல்லை தாண்டி நடக்கவிட்டார். நவம்பர் 14இல் மாட்ரிட் ஒப்பந்தத்தில் நிர்வாகத்தை இரு அண்டை நாடுகளிடமும் ஒப்படைக்கச் சம்மதித்து ஸ்பெயின் மூட்டை கட்டியது. சனங்களிடம் யாரும் கேட்கவில்லை. 1976 பிப்ரவரி 27இல் பொலிசாரியோ முன்னணி குடியரசைப் பிரகடனம் செய்தது. 1979இல் மொரிட்டானியா விலக, அது விட்ட பகுதியையும் மொராக்கோ எடுத்துக்கொண்டது. பல்லாயிரம் பேர் அல்ஜீரியாவின் டின்டூஃப் முகாம்களில் தலைமுறை தாண்டியும் அகதிகளாகவே இருக்கிறார்கள்.

1985இல் அணிசேரா இயக்கத்தின் தலைமையில் இருந்த இந்தியா அங்கீகாரம் கொடுத்தது. 2000 ஜூனில் வாஜ்பாய் அரசு அதை விலக்கிக்கொண்டது. இடையில் அந்த சனங்கள் செய்த தப்பு என்ன? 1991இல் ஐ.நா. சொன்ன போர்நிறுத்தத்தை ஏற்று, வாக்கெடுப்புக்குக் காத்திருந்தார்கள். அவ்வளவுதான். அவர்களுடைய 'தகுதி' எதுவும் குறையவில்லை. மாறியது டில்லியின் கணக்கு. உரத்துக்கான பாறைப் பாஸ்பேட் நம்மிடம் சொற்பம், மொராக்கோவிடம் ஏராளம். 2002இல் ஒரிசாவின் பாரதீப் பாஸ்பேட்ஸ் விற்கப்பட்டபோது, வாங்கிய கூட்டு நிறுவனத்தில் மொராக்கோ அரசின் பாஸ்பேட் நிறுவனமும் பங்காளி. இந்த இரண்டையும் தனித்தனிச் செய்திகளாக என்னால் வாசிக்க முடியவில்லை.

மேற்கு சஹாராவின் பூ கிரா சுரங்கத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளக் கன்வேயர் பெல்ட் பாஸ்பேட்டைக் கடற்கரைக்குக் கொண்டுவருகிறது. அங்கே கப்பலேறும் சரக்குக்கு அங்கீகாரப் பிரச்சினை கிடையாது. ஆக, குடியரசோடு உறவு வேண்டாம் என்பதை ஒதுங்கி நிற்கும் நடுநிலை என்று சொல்ல முடியாது. நிலத்தோடு உறவு நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதன் மக்களைத் தவிர்த்துவிட்டு.

அப்படியானால் அங்கீகாரம் கேட்கிற எல்லாருக்கும் கொடுத்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. 1976இல் நிறவெறி தென்னாப்பிரிக்கா டிரான்ஸ்கை என்று ஒரு 'சுதந்திர நாட்டை' உருவாக்கியது. கறுப்பு மக்களின் குடியுரிமையைப் பறிக்கச் செய்த சூது அது. உலகம் அதை மறுத்தது சரியே. இரண்டு இடத்திலும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த மக்களின் சம்மதம்.

துறைமுகம்கூட இல்லாத அரசோடு என்ன வியாபாரம், அங்கீகாரத்தால் என்ன பிரயோசனம் என்பது அடுத்த கேள்வி. விடுதலையடைந்த தென்னாப்பிரிக்கா, நாம் கைவிட்ட குடியரசை 2004இல் அங்கீகரித்தது. 2017இல் நியூசிலாந்துக்குப் போன ஒரு பாஸ்பேட் கப்பல் போர்ட் எலிசபெத்தில் நின்றது. குடியரசும் பொலிசாரியோவும் வழக்குப் போட்டன. சுமார் 50,000 டன் சரக்கும் சஹாராவி மக்களுடையதே என்று 2018இல் தீர்ப்பானது. அங்கீகாரம் என்பது நீதிமன்றப் படியேறி 'இது எங்களுடையது' என்று சொல்லும் வலு. 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றமும், இம்மக்களின் சம்மதமின்றி மொராக்கோவோடு போட்ட மீன்பிடி, விவசாய ஒப்பந்தங்கள் செல்லாது என்றது.

காற்று எதிர்த்திசையில்தான் அடிக்கிறது. 2020இல் இஸ்ரேலோடு மொராக்கோ உறவுகொள்ள விலையாக, மேற்கு சஹாரா மீதான அதன் இறையாண்மையை டிரம்ப் அங்கீகரித்தார். 2025 அக்டோபரில் பாதுகாப்பு அவை மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தையே பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது. இந்தியா தன் 1985 நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றே நான் சொல்வேன். அது உடனே நடக்காது என்றால், குறைந்தபட்சமாக ஒன்றைக் கேட்கலாம்: பூ கிராவின் பாஸ்பேட் நம் துறைமுகங்களில் இறங்கக் கூடாது. காலனியத்தை எதிர்த்தவர்கள் என்று இன்னும் சொல்லிக்கொள்கிற நாட்டிடம் இதைக் கேட்பது அதிகமில்லை.