நாகையிலிருந்து வந்த பொன்மலை

திருச்சியை அடுத்த பொன்மலை என்ற சிறு குன்று முதலில் போர்க் கணக்கில்தான் இடம்பிடித்தது. 1753-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே மோதினார்கள். அதை ஓர் ஊராக ஆக்கியது ரயில்வே பணிமனை. அந்தப் பணிமனைக்கோ பூர்வீகம் நாகப்பட்டினம்.

நாகையில் புறப்பட்ட இருப்புப்பாதை 1862-இல் திருச்சியைத் தொட்டது. இரும்பும் இயந்திரமும் கப்பலில் வந்து இறங்கிய காலத்தில் துறைமுகத்தை ஒட்டியே பணிமனை இருப்பது தோதாக இருந்தது. பாதைகள் மதுரை, தூத்துக்குடி என்று நீண்ட பிறகு, கடலோர மூலையைவிட நடுவில் கிடந்த திருச்சியே வண்டிகள் வந்துபோக வசதியாயிற்று. 1928-இல் பணிமனை பொன்மலைக்கு மாறியது. நாகைக்கு அது இழப்பு. திருச்சிக்கு அது புதுவாழ்வு.

மாற்றம் சுமுகமாக நடந்துவிடவில்லை. ஆட்குறைப்பை எதிர்த்து அதே ஆண்டு ஜூலையில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதை முன்னின்று நடத்திய தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறை சென்றார். போராட்டம் அத்தோடு ஓயவில்லை. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் அந்த நாளில் இன்றும் தொழிலாளர் கூடி அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். இந்தப் பணிமனையின் வரலாற்றை எஞ்சின்களின் பட்டியலாக மட்டும் எழுத முடியாது.

ஊரின் நாள்கணக்கையும் பணிமனையே வகுத்தது. ஒர்க்‌ஷாப் சங்கைக் கேட்டு அடுப்பு மூட்டிய வீடுகள் உண்டு. கடிகாரம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் அதை வைத்தே பள்ளிக்குக் கிளம்பினார்கள். ஷிப்ட் விட்டதும் ஆர்மரி கேட் பக்கம் சைக்கிள் கூட்டம் நெரியும். ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் ரயில்வே காலனியும் சுற்றுக் கிராமங்களும் ஒன்றாய்க் கலக்கும். சம்பளம் வந்த வாரத்துச் சந்தைக்குத் தனிக் களை.

இங்கே தொழில் பெரும்பாலும் கண்பார்த்துக் கைபழகியது. மூத்த பிட்டர் இளையவருக்குக் காட்டிக்கொடுத்த அந்தப் பழக்கத்தின் பலன் நீலகிரி மலைப்பாதையில் தெரிந்தது. அங்கே, பற்சக்கரத்தால் பல்தண்டவாளத்தைப் பற்றி ஏறும் பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. 2011-இல் அதே வகை எஞ்சினை, எண்ணெய் எரித்து ஓடும்படி, பொன்மலைத் தொழிலாளர் புதிதாகவே கட்டி மலைக்கு அனுப்பினார்கள். பழுதுபார்க்கவென்று அமைந்த இடம் படைக்கவும் வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற மூத்தவர்களின் கைப்பழக்கம் அவர்களோடு போய்விடாமல் எழுதிவைப்பதே இனி நம் பொறுப்பு.