வெயிலுக்குக் கட்டிய மண்டபம்

சங்கீத சீசன் என்றால் நமக்கு டிசம்பர்தான். சபா, கச்சேரி, கேன்டீன் காபி எல்லாம் அப்போதுதான். சித்திரை பிறந்துவிட்டால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து "எப்போடா மழை வரும்" என்று புலம்புவதோடு சரி. வெயிலுக்கும் கலைக்கும் ஒத்துவராது என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கு. ஆனால் மதுரையின் பழைய கணக்கு வேற மாதிரி.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே சாலையைத் தாண்டினால் புதுமண்டபம். பெயரில்தான் புது, வயசு கிட்டத்தட்ட நானூறு. திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) கட்டியது. ஏறத்தாழ 333 அடி நீளம், 105 அடி அகலம், நான்கு வரிசைகளில் 124 தூண்கள். இதற்கு வசந்த மண்டபம் என்றும் பெயர். வைகாசியில் பத்து நாள் வசந்த உற்சவம் நடத்தவென்றே எழுந்த கட்டடம் இது.

பஞ்சாங்கத்தில் சித்திரையும் வைகாசியும் வசந்த காலம், இளவேனில். ஆனால் வைகாசியில் மதுரை வீதியில் செருப்பில்லாமல் நடந்து பாருங்க, "இள" எங்கே போச்சுன்னு தேடுவீங்க. கட்டியவர்களுக்கும் அது தெரிந்தேதான் இருந்தது. அதனால்தான் மண்டபத்தைச் சுற்றிலும் அகழி மாதிரி ஒரு கால்வாய். உற்சவ நாளில் அதில் தண்ணீர் நிரப்புவார்கள். வீசும் காற்று தண்ணீரைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வரும். மேலே கனத்த கல்கூரை. பகல் சூடு அதைக் கடந்து இறங்கவே நேரம் பிடிக்கும். மின்சாரம் இல்லாத காலத்துக் குளிர்சாதனம் என்றே சொல்லலாம்.

அந்தக் குளிர்ச்சிக்குள் வைத்ததுதான் கலை. தடாதகைப் பிராட்டி, ஊர்த்துவ தாண்டவம், எதிரில் காளி, கரும்பு தின்னும் கல்யானை, குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் பன்றி என்று திருவிளையாடல் கதைகள் தூண்தூணாக நிற்கின்றன. நடுவில் நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள். சாயங்காலம் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் புறப்பட்டு இங்கே வந்து அமர்வார்கள். கூடவே நாகஸ்வரமும் தவிலும். வசந்தா என்ற ராகத்தைச் சாயங்கால ராகம் என்றே நம் மரபு வைத்திருக்கிறது. வெயில் தாழ்ந்த நேரம், ஈரக்காற்று, கல்லுக்குள் எதிரொலிக்கும் நாகஸ்வரம். ஒரு கோடைநாளை ரசிக்க இதைவிட என்ன வேணும்?

சரி, ஏன் கோடையில்? என் கணிப்பில், காரணம் வயலில் இருக்கிறது. அறுவடை முடிந்து, அடுத்த உழவுக்கு மழை இறங்கும்வரை விவசாயிக்குக் கை ஓய்வு. கூட்டம் சேரும் காலம் அதுதான். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தவரும் திருமலை நாயக்கரே என்பது மதுரையில் எல்லாரும் சொல்லும் செய்தி. ஊரின் பெரிய விழாக்கள் வெயிலில் வந்து நின்றது தற்செயல் இல்லை.

டிசம்பருக்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு. அதையொட்டி ஒரு இசை மாநாடு. அதிலிருந்து 1928-இல் மியூசிக் அகாதமி பிறந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் கோர்ட்டும் ஆபீசும் மூடியிருக்கும். வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் ஓய்வு அப்போதுதான். ஆக, கோடை உழவனின் சீசன், டிசம்பர் உத்தியோகஸ்தரின் சீசன். வெயிலைவிட, யாருடைய ஓய்வு கணக்கில் வருகிறது என்பதே இங்கே விஷயம்.

அதற்காகப் பழைய காலம் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. வைத்தியநாத ஐயர் தலைமையில் 1939 ஜூலை 8 அன்று ஆலயப் பிரவேசம் நடக்கும்வரை, இதே ஊர் மக்களில் பலர் எதிரே இருக்கும் கோயிலுக்குள் கால் வைக்க முடிந்ததில்லை. வயலில் பாடுபட்டவர்களும் அவர்களில் உண்டு.

புதுமண்டபத்துக்கு வருவோம். நெடுங்காலம் அது கடைவீதியாகவே இருந்தது. தையல் மெஷின்கள், பாத்திரம், வளையல், புத்தகக் கடைகள். சிலைகளைப் பார்க்க வேண்டுமென்றால் தொங்கும் துணிகளுக்கு இடையே எட்டிப் பார்க்கணும். அந்தக் கடைக்காரர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. மண்டபத்தில் தினமும் ஆள் நடமாட்டம் இருந்தது அவர்களால்தான். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களைப் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள்.

இனி கேள்வி எளிமையானது. காலியான மண்டபத்தைப் பூட்டி வைத்து, டிக்கெட் போட்டுச் சிலைகளை மட்டும் காட்டப் போகிறோமா? என்னைக் கேட்டால், கால்வாயில் தண்ணீர் விடணும், சாயங்காலம் நாகஸ்வரம் ஒலிக்கணும், யார் வேண்டுமானாலும் வந்து தரையில் உட்காரணும். பள்ளிக்கூடம் லீவு விடுவது இன்றைக்கும் கோடையில்தானே? பிள்ளைகளின் ஓய்வையாவது கணக்கில் எடுப்போம்.