தங்கவயலுக்கும் ஒரு மியூசியம் வேணும், எண்ணூருக்கும் வேணும்

ராயபுரம் ஸ்டேஷனை நீங்க எத்தனையோ தடவை கடந்து போயிருப்பீங்க. 1856இல் திறந்த கட்டடம். நம்ம நாட்டுல இன்னும் நின்னுக்கிட்டிருக்கிற ஸ்டேஷன் கட்டடங்கள்ல இதுதான் மூத்தது. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் ஆற்காடு பக்கம் வாலாஜா ரோடு வரைக்கும் போச்சு. சென்ட்ரல் வந்தது அதுக்கப்புறம், 1873இல். கட்டடம் இடிஞ்சு விழற நிலைக்குப் போய், பழமையை நேசிக்கிறவங்க விடாம குரல் கொடுத்ததாலதான் 2005இல் பழுது பார்த்துத் திறந்தாங்க.

அந்தத் தண்டவாளம் வாலாஜாவோட நிக்கல. ஜோலார்பேட்டை தாண்டி 1864இல் பெங்களூரு போய்ச் சேர்ந்தது. 1894இல் பவுரிங்பேட்டை, அதாவது இப்போதைய பங்காருப்பேட்டையிலேர்ந்து ஒரு கிளை பிரிஞ்சு மாரிக்குப்பம் வரைக்கும் போட்டாங்க. மாரிக்குப்பம்னா கோலார் தங்கவயல். சினிமா பார்த்து கேஜிஎஃப்னு தெரிஞ்சுக்கிட்டவங்க நிறைய பேர் இருப்பீங்க. எங்களுக்கு அது சொந்தக்காரங்க ஊரு. என் மாமனார் வீடு குடியாத்தம் பக்கம். அவரோட அப்பா தங்கவயல்ல சுரங்கத்துக்குள்ள இறங்கினவர்.

1876-லிருந்து 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்கள்ல கூலி வேலைகூடக் கிடைக்கல. அந்தச் சமயத்துலதான் லாவெல்னு ஒரு அயர்லாந்து சிப்பாய் அங்க தங்கம் தோண்ட அனுமதி வாங்கி, தொடர முடியாம மத்தவங்ககிட்ட விட்டுட்டுப் போனாரு. 1880இல் இங்கிலாந்திலேர்ந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. நிலமில்லாத தமிழ்க் குடும்பங்கள், அதுலயும் தாழ்த்தப்பட்ட மக்கள்தான் அதிகம், மூட்டை கட்டிக்கிட்டுப் போனாங்க. பண்ணையில அடி வாங்கி நெல் அளந்து வாங்கறதைவிட, உசிரே போனாலும் கையில காசு வாங்கறது மேல்னு போனவங்க அவங்க.

வேலை சாதாரண வேலை இல்லீங்க. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் மேல ஆழம். அந்த ஆழத்துல பாறையே அறுபது டிகிரிக்கு மேல சுடும். திடீர்னு பாறை வெடிச்சுச் சிதறும். தப்பிச்சவங்களையும் பாறைத் தூசி விடாது, நுரையீரல்ல படிஞ்சு கொல்லும். காவிரியில சிவசமுத்திரத்துல எடுத்த மின்சாரம் 1902லேயே தங்கவயலுக்கு வந்துடுச்சு. பெங்களூருக்கே அதுக்கப்புறம்தான் விளக்கு எரிஞ்சுது. ஆனா அந்த வெளிச்சம் முதல்ல போனது கம்பெனி இயந்திரங்களுக்குத்தான்.

சினிமாவுல வராத விஷயங்களும் இருக்கு. மாரிக்குப்பத்துல அயோத்திதாசரோட சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. 1914இல் அவர் காலமான பிறகு, அவரோட ‘தமிழன்’ பத்திரிகையைத் தங்கவயல்லேர்ந்து மறுபடி நடத்தினாரு ஜி. அப்பாதுரையார். பகல்ல பாறை உடைச்சவங்க ராத்திரியில பத்திரிகை படிச்சாங்க. கைரேகை பதியணும்னு கம்பெனி சொன்னப்போ, நாங்க என்ன குற்றவாளிகளான்னு கேட்டு 1930இல் வேலையை நிறுத்தினாங்க. 1965இல் அதே சுரங்கத்தோட ஆழத்துல விஞ்ஞானிகள் நியூட்ரினோ துகளைப் பிடிச்சாங்க. பூமிக்கு மேலேர்ந்து வர்ற அந்தத் துகளைக் கண்டுபிடிச்சதுல உலகத்துல முதல்ல நின்ன இடங்கள்ல அதுவும் ஒண்ணு.

2001 பிப்ரவரி கடைசியில சுரங்கத்தை மூடினாங்க. நூத்திருபது வருஷத்துல எண்ணூறு டன் தங்கம் வெளிய போயிருக்கு. ஊருக்கு மிஞ்சினது தண்ணி நிரம்பின குழிகளும், சயனைடு மண் மலைகளும்தான். மூணு கோடி டன்னுக்கு மேல கொட்டிக் கிடக்கு, காத்தடிச்சா வீட்டுக்குள்ள வந்து படியுது. பிள்ளைங்க விடியக்காலம் ரயிலேறி பெங்களூருக்குக் கூலிக்குப் போறாங்க. அப்போ வேலை தேடி உள்ள வந்த அதே தண்டவாளம்.

இப்போ இன்னொரு ஊரைப் பாருங்க. தங்கவயலுக்கு மேஸ்திரிகளா வந்த வெள்ளைக்காரங்கள்ல நிறைய பேர் இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில இருக்கிற கார்ன்வால் ஆளுங்க. தகரமும் தாமிரமும் தோண்டின பரம்பரை. முதல் ரயில் எஞ்சினை 1804இல் ஓட்டிக் காட்டின ட்ரெவிதிக்கும் அந்த ஊர்க்காரர்தான். அங்க லெவன்ட்னு ஒரு சுரங்கம். 1919இல் ஆட்களை ஏத்தி இறக்கற இயந்திரம் அறுந்து 31 பேர் செத்தாங்க. 1930இல் சுரங்கத்தை மூடிட்டாங்க. அங்க இருந்த 1840ஆம் வருஷத்து நீராவி எஞ்சினைப் பழைய இரும்புக்காரர் தூக்கிட்டுப் போகப் போறார்னு தெரிஞ்சதும் ஊர்க்காரங்க 1935இல் ஒண்ணு கூடிக் காப்பாத்தினாங்க. அந்தக் குழுதான் பின்னாடி ட்ரெவிதிக் சங்கம் ஆச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு தொண்டர்கள் சேர்ந்து அந்த எஞ்சினை மறுபடி ஓட வெச்சாங்க.

பக்கத்துலயே பெண்டீன்னு ஒரு சின்ன ஊர், அங்க ஜீவர் சுரங்கம். 1990இல் வேலை நின்னுது. ஜில்லா நிர்வாகம் விலைக்கு வாங்கி, 1993இல் மியூசியமாத் திறந்தாங்க. சுரங்கத் தொழிலாளிங்க துணி மாத்தற அறையை விட்டுட்டுப் போன மாதிரியே வெச்சிருக்காங்க. தலைக்கவசம், சட்டை, பூட்ஸ் எல்லாம் அப்படியே இருக்கு. சுத்திக் காட்டினவங்களும் அங்க வேலை பார்த்தவங்களேதான். 2006இல் கார்ன்வால் சுரங்கப் பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது.

பணக்கார நாடு, அதான் முடிஞ்சுதுன்னு சொல்லலாம். ஆனா 1935இல் அந்த எஞ்சினைக் காப்பாத்தினது அரசாங்கம் இல்ல, ஊர்க்காரங்க. இங்க என்ன நடந்ததுன்னு பாருங்க. மேஸ்திரியோட ஊருல மியூசியம் இருக்கு. பாறையை உடைச்சவனோட கதை, குடியாத்தம், திருப்பத்தூர்ப் பக்கத்து வீடுகள்ல டிரங்குப் பெட்டிக்குள்ள கிடக்கு. என் மாமனார் வீட்டுல எண் பொறிச்ச ஒரு பித்தளை வில்லை இருக்கு. அவங்க அப்பா சுரங்கத்துக்குள்ள போறப்போ கையில இருந்தது. போன வருஷம் வரைக்கும் அது சாவிக் கொத்துல தொங்கிக்கிட்டு இருந்தது.

ஏதோ கர்நாடகத்துக் கதைன்னு நினைக்காதீங்க, நம்ம வடசென்னையிலயும் இதுதான் நடக்குது. பின்னி ஆலை 1996இல் மூடிட்டாங்க. நாட்டோட முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27இல் அந்த ஆலை ஆளுங்களுக்காகத்தான் பிறந்தது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் ஓட ஆரம்பிச்சு 2017 மார்ச்சோட நின்னுது. அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் உப்பளங்கள் சுருங்கிக்கிட்டே வருது. உப்பு வாரற பலகை எப்படி இருக்கும்னு எங்க ஊர்ப் பசங்களுக்கே தெரியல. கொசஸ்தலை ஆத்துல கையாலயே எறா தடவிப் பிடிக்கிற இருளர் பொம்பளைங்க இருக்காங்க. அவங்களுக்கு அடுத்து அந்தக் கைப்பழக்கம் யாருக்கு வரும்?

விவசாயத்தைச் சொன்னா இன்னும் கஷ்டம். 1960கள் கடைசியிலேர்ந்து மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில கடல் தண்ணி ஏறிக்கிட்டே வருது. நகரத்துக் குடிநீருக்கும் ஆலைங்களுக்கும் வயலுக்கும்னு எல்லாருமா உறிஞ்சினோம். எங்க கிணத்துத் தண்ணி இப்போ தென்னைக்குக்கூட ஒத்துக்கல. அதே கிணத்துல எங்கப்பா மாடு பூட்டி கவலை இறைச்சாரு. அந்த உருளை என் கொட்டகையில இருக்கு. விறகுக்குப் போக வேண்டியது, நான் விடல.

பெரிய கட்டடம் வேணும்னு நான் கேட்கல. ராயபுரம் ஸ்டேஷன்ல ஒரு அறை ஒதுக்கினாப் போதும். துறைமுகம், ரயில், ஆலை, உப்பளம், மீன்பிடி எல்லாத்துக்கும் பொதுவா அதைவிடப் பொருத்தமான இடம் இல்ல. தங்கவயல்லயும் அப்படித்தான், பூட்டிக் கிடக்கற சுரங்கக் கட்டடம் ஒண்ணு கொடுத்தாப் போதும். சுத்திக் காட்ட ஆள் தேட வேணாம், வேலை பார்த்தவங்க இன்னும் கொஞ்சம் பேர் உசிரோட இருக்காங்க. அவங்க போயிட்டா அறை கிடைச்சும் பிரயோஜனம் இல்ல.

அதுவரைக்கும் நீங்க ஒண்ணு செய்யுங்க. உங்க தாத்தா துறைமுகத்துலயோ ஆலையிலயோ கரண்ட் ஆபீஸ்லயோ இருந்திருந்தா, அவரோட கேட் பாஸ், சம்பளச் சீட்டு, சாப்பாட்டு கேரியர் எதையும் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுடாதீங்க. போட்டோ இருந்தா, பின்னாடி பென்சில்ல பேரையும் ஊரையும் வருஷத்தையும் எழுதி வெச்சுடுங்க. பாட்டி இருந்தா இந்த ஞாயித்துக்கிழமையே கேட்டு எழுதுங்க. மாமனார் வீட்டு வில்லையை நான் துடைச்சு, நம்பரை நோட்டுல குறிச்சு வெச்சாச்சு.