நரம்பு அசைவுச் சிகிச்சை

மணிக்கட்டில் நடுநரம்பு நெருக்குண்டு கை மரத்துப்போகும் நோய்க்குச் செய்யப்படும் இயன்முறைச் சிகிச்சை. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் மூட்டுகளைச் சிகிச்சையாளர் தம் கையால் வரிசைப்படி அசைத்து, நரம்பு தடையின்றி நகர வழிசெய்கிறார். கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் எனப்படும் இந்நோயின் லேசான, நடுத்தர நிலைகளில் அறுவைக்கு முன் இம்முறை கையாளப்படுகிறது.

நோயின் இயல்பு

மணிக்கட்டில் சிறு எலும்புகள் தளமாகவும் தடித்த குறுக்கு இணைநார் கூரையாகவும் அமைந்த குறுகிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் நடுநரம்பும் அதனுள் செல்கின்றன. உள்ளே வீக்கம் கண்டால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பிவிடும். நள்ளிரவில் விழித்துக் கையை உதறுவது இந்நோயின் முக்கிய அடையாளம். நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, கர்ப்பம் ஆகியவை இதற்கு வழிவகுக்கும். கையை இறுக்கித் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும் ஒரு காரணம். கொச்சியின் பிராட்வே போன்ற ஜவுளிக் கடைத்தெருக்களை நம்பி வாழும் தையல்காரர்கள், கத்தரி பிடித்துத் துணி வெட்டும் வேலையால் இந்த ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்கள்.

செய்முறை

இதில் இரு வகை உண்டு. சறுக்கு முறையில் முழங்கையை நீட்டும்போது மணிக்கட்டை மடக்குவர். முழங்கையை மடக்கும்போது மணிக்கட்டை நிமிர்த்துவர். ஒரு முனையில் இறுகும் நரம்பு மறுமுனையில் தளர்வதால், அதிகம் இழுபடாமல் நகர்கிறது. இழுவை முறையில் முழங்கையும் மணிக்கட்டும் ஒருசேர நிமிர்த்தப்படும். உடற்கூற்று ஆய்வுக்கான சடலங்களில் கோப்பியேட்டர்ஸ், பட்லர் இருவரும் அளந்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, மணிக்கட்டில் நடுநரம்பு சறுக்கு முறையில் 12.6 மி.மீ., இழுவை முறையில் 6.1 மி.மீ. நகர்ந்தது. நரம்பு எளிதில் சீண்டப்படும் நிலையில் சறுக்கு முறையே ஏற்றது.

வரலாறு

மணிக்கட்டில் நடுநரம்பு நசுங்குவதை ஜேம்ஸ் பேஜெட் 1854இல் பதிவுசெய்தார். நரம்பை அசைத்துச் சோதிக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் ராபர்ட் எல்வி வளர்த்தெடுத்தார். டேவிட் பட்லரின் 1991ஆம் ஆண்டு நூல் அதைச் சிகிச்சையாகப் பரப்பியது. டாட்டன், ஹன்டர் அதே ஆண்டில் வகுத்த ஆறு நிலைப் பயிற்சியை நோயாளி வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

பலன்

போலந்தில் 103 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெறாதவர்களைவிடப் பெற்றவர்களுக்கு வலி குறைந்தது. ஸ்பெயினில் 120 பெண்களிடம் நடந்த ஆய்வில் (2015) கைமுறைச் சிகிச்சையும் அறுவையும் ஓராண்டு முடிவில் ஒத்த பலன் தந்தன. ஆனால் அங்கு கழுத்து, தோள் தசைகளுக்கான சிகிச்சையும் சேர்ந்திருந்ததால், பலன் முழுவதும் நரம்பசைவால் வந்தது என்று கொள்ள இயலாது. 2012ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு, அதுவரை கிடைத்த சான்றுகள் வலுக்குறைந்தவை என்றது.

எச்சரிக்கை

சிகிச்சைக்குப் பின் மரப்பு நீடித்தால் விசையைக் குறைக்க வேண்டும். கட்டைவிரல் மேட்டுத் தசை மெலிந்தாலோ உணர்ச்சி இடைவிடாது மங்கினாலோ, இணைநாரை வெட்டி விடுவிக்கும் அறுவை குறித்து மருத்துவரிடம் தாமதமின்றிக் கலந்தாலோசிக்க வேண்டும். இந்தியாவில் தொழுநோயும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே நடுநரம்பைத் தாக்குவதுண்டு. எனவே உணர்ச்சியற்ற தேமலோ, முழங்கையருகே தடித்த நரம்போ தென்பட்டால், நோய் இன்னதென்று உறுதியான பிறகே இச்சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.